யார் பிணை? காப்பீட்டு முகவரின் நாணயத்துக்கு ஈடு தேடிய இந்திய வரலாறு

பிறர் பணத்தைக் கையில் வாங்குபவனின் நாணயத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி வணிகத்தைப் போலவே பழையது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் காப்பீட்டுத் தரகராக உரிமம் பெற விரும்புபவர் ஒரு பிணைப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்பத்திரத்தில் மூன்று தரப்புகள் உண்டு: உரிமம் பெறுபவர், அவருக்காகப் பிணை நிற்கும் நிறுவனம், பாதிப்பு நேர்ந்தால் ஈடு பெறும் உரிமையுள்ள அரசு அல்லது பொதுமக்கள். உரிமம் பெற்றவர் தவறிழைத்தால் பிணை நின்ற நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்கும். பிறகு அதனை அவரிடமிருந்தே வசூலித்துக்கொள்ளும். 1938ஆம் ஆண்டின் இந்தியக் காப்பீட்டுச் சட்டமோ முகவரிடம் இத்தகைய பத்திரம் எதையும் கேட்கவில்லை.

பிணை கேட்கும் வழக்கம் இந்நாட்டில் இல்லாமையால் இது விடுபட்டுப்போனது என்று எண்ணிவிட இடமில்லை. இந்தியாவில் பிணைக்கு மிக நீண்ட மரபு உண்டு. அந்த மரபு இருந்தும் காப்பீட்டு முகவர் ஏன் பிணையின்றி விடப்பட்டார், அதனால் பயனடைந்தவர் யார், இழந்தவர் யார் என்பவையே இங்கு ஆராயத்தக்கவை.

1. சொற்கள் காட்டும் மூன்று பொறுப்புகள்

வடமொழித் தரும நூல்கள் பிணையாளைப் 'பிரதிபூ' என்று அழைக்கின்றன. ஒருவனுக்கு மாற்றாக நிற்பவன் என்பது அதன் பொருள். யாக்ஞவல்கிய ஸ்மிருதி பிணையை மூன்றாகப் பகுக்கிறது. கடனாளியைக் கொண்டுவந்து நிறுத்துவதாக ஏற்பது முதல் வகை. அவன் நம்பத்தக்கவன் என்று உறுதி சொல்வது இரண்டாம் வகை. அவன் கொடுக்காவிட்டால் தானே கொடுப்பதாக ஏற்பது மூன்றாம் வகை. இம்மூன்றுக்கும் முறையே தரிசனம், பிரத்தியயம், தானம் என்று பெயர். முதல் இரண்டும் பொய்த்தால் பிணை நின்றவன் மட்டுமே பொறுப்பு. மூன்றாவது பொய்த்தால் அவனுடைய மக்களும் பொறுப்பு. பணத்துக்கு நிற்கும் பிணை பரம்பரையைத் தொடரும் கடன். நம்பிக்கைக்கு நிற்கும் பிணை சொன்னவனோடு முடிந்துவிடும்.

இவற்றுள் இரண்டாம் வகை காப்பீட்டு வரலாற்றுக்கு மிக நெருக்கமானது. இலக்கணத்தில் விகுதியைக் குறிக்கும் 'பிரத்தியயம்' என்னும் அதே சொல் இங்கே நம்பிக்கையைக் குறிக்கிறது. 'என்னை நம்பி இவனிடம் கொடு. இவன் ஏமாற்ற மாட்டான்' என்பதே அப்பிணையின் உள்ளடக்கம். பின்னாளில் நிறுவனங்கள் தம் காசாளர்களுக்காக எடுத்த நாணய உத்தரவாதப் பாலிசியின் கரு இதுவே.

பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் அரபு மூலத்தைக் கொண்ட 'ஜாமீன்' என்னும் சொல் இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவியது. அங்கும் வகைப்பாடு உண்டு. ஆளை நிறுத்துவதற்கு 'ஹாஸிர் ஜாமீன்', பணத்துக்கு 'மால் ஜாமீன்', நன்னடத்தைக்கு 'ஃபேல் ஜாமீன்'. இரு மரபுகளின் வகைப்பாடும் ஒன்றுக்கொன்று நேர் என்று சொல்ல இயலாது. எனினும் ஆள், பணம், நடத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனியே பொறுப்புக் கேட்க வேண்டும் என்னும் தெளிவு இரண்டிலும் உள்ளது. தமிழில் 'பிணை' என்பது கட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. 'புணை' என்னும் பழஞ்சொல்லுக்கோ தெப்பம், ஜாமீன் ஆகிய இரு பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. ஒரு சொல் பிணையாளைக் கட்டுண்டவனாகக் காண்கிறது. மற்றொன்று மூழ்குபவனைத் தாங்குபவனாகக் காண்கிறது. சட்டம் இவ்விரு பார்வைகளுக்கும் இடையேதான் பயணம் செய்துவந்திருக்கிறது.

2. கருவூலத்திலிருந்து ஒப்பந்தச் சட்டத்துக்கு

கும்பினி ஆட்சி இந்த வழக்கத்தை எழுத்துச் சட்டமாக்கியது. 1850ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம், அரசுப் பணத்தைப் பெறவும் வைத்திருக்கவும் பொறுப்புள்ள ஒவ்வொரு கணக்கரும் தம் கடமைக்கு ஈடு தர வேண்டும் என்றது. சொத்தாகவோ ஆள் பிணையாகவோ அந்த ஈடு இருக்கலாம். கையிருப்புக் குறைந்தால் நிலவரிப் பாக்கியை வசூலிப்பதைப் போலவே கணக்கர்மீதும் அவருடைய பிணையாளர்மீதும் நடவடிக்கை எடுக்கலாம். பிணை நிற்பது நட்புக்காகச் செய்யும் ஒரு கையெழுத்து என்னும் நிலை மாறி, நிலத்தையே இழக்கச் செய்யும் கடப்பாடாயிற்று.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126ஆம் பிரிவில் உத்தரவாத ஒப்பந்தத்தை வரையறுத்தது. பிணையாளின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்கு ஈடானது என்று 128ஆம் பிரிவு கூறியது. இப்பிரிவுகளைவிட அவற்றைத் தொடரும் எடுத்துக்காட்டுகளே சமூக வரலாற்று ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படக்கூடியவை. அவற்றுள் பல, பிறர் பணத்தைக் கையாளும் ஊழியர்களைப் பற்றியவை.

133ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், வங்கி மேலாளர் ஒருவரின் நடத்தைக்கு ஒருவர் பிணை நிற்கிறார். பிணையாளைக் கேட்காமலே வங்கி மேலாளரின் ஊதியத்தை உயர்த்தி, மிகைப்பற்றால் வரும் இழப்பில் நான்கில் ஒரு பங்கை அவர் ஏற்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்கிறது. பின்னர் மிகைப்பற்றால் வங்கிக்கு நட்டம் வருகிறது. பிணையாள் விடுபடுகிறார். 139ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், தொழில் பழகும் ஒருவனின் நாணயத்துக்கு உத்தரவாதம் தரப்படுகிறது. மாதம் ஒருமுறையாவது அவனுடைய கையிருப்பைச் சரிபார்ப்பதாக முதலாளி ஒப்புக்கொள்கிறார், ஆனால் பார்ப்பதில்லை. அவன் கையாடல் செய்கிறான். அங்கும் பிணையாள் பொறுப்பல்லர். 143ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. பணம் வசூலிக்கும் எழுத்தர் ஒருவர் ஏற்கெனவே சில தொகைகளுக்குக் கணக்குக் காட்டவில்லை. அதை மறைத்து முதலாளி புதிய பிணை வாங்குகிறார். அந்தப் பிணை செல்லாது.

இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கோட்பாடு புலப்படும். பிணை வாங்கியவர் கண்காணிப்பைக் கைவிட முடியாது. ஊழியரின் நாணயத்தை மேற்பார்க்க வேண்டியவர் முதலாளி. பிணையாளின் சொத்து அந்த மேற்பார்வைக்கு மாற்று ஆகாது.

நடைமுறை வேறாக இருந்தது. வட இந்திய வங்கிகளில் பணப் பிரிவு முழுவதையும் 'கஜான்சி' எனப்பட்ட பொக்கிஷதாரரிடம் ஒப்படைக்கும் முறை நிலவியது. அவர் வங்கிக்கு ஈடு கொடுப்பார், காசாளர்களை நியமிப்பார், அவர்களால் வரும் இழப்புக்குப் பொறுப்பேற்பார். நாணயத்துக்கான பொறுப்பு இவ்வாறு குத்தகைக்கு விடப்பட்டது. அந்தக் காசாளர்கள் யாருடைய ஊழியர்கள் என்னும் கேள்வி பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பொக்கிஷதாரர்களே வங்கியின் ஊழியர்கள்தாம். ஆதலால் அவர்கள் நியமித்த தலைமைக் காசாளரும் வங்கியின் ஊழியரே என்று 1955இல் தீர்ப்பாயிற்று. பிணை நிற்கும் இடைத்தரகரைக் காட்டி நிறுவனம் தன் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

3. காப்பீட்டு நிறுவனம் வைத்த ஈடு

காப்பீட்டுத் துறை இதே கேள்விக்கு வேறொரு விடையைத் தேடியது. கொல்கத்தாவில் 1818இல் தொடங்கப்பட்ட ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1834இல் வீழ்ந்தது. இங்கிலாந்தில் 1869இல் ஆல்பர்ட் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வீழ்ந்ததைத் தொடர்ந்து, 1870ஆம் ஆண்டின் சட்டம் புதிதாகத் தொடங்கும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 20,000 பவுண்டு வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்றது. இங்கே பிணை ஆளிடமிருந்து பணத்துக்கு மாறுகிறது. மூன்றாம் ஆள் ஒருவர் பொறுப்பேற்பதற்கு மாறாக, நிறுவனமே தன் பணத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே பிறர் பாதுகாப்பில் வைக்கிறது.

இந்தியாவில் 1912ஆம் ஆண்டின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் சட்டம் ஒழுங்குமுறையைத் தொடங்கியது. அது இந்திய நிறுவனங்களையும் அயல்நாட்டு நிறுவனங்களையும் ஒன்றுபோல நடத்தவில்லை. இந்திய நிறுவனங்களே கூடுதல் சுமையைத் தாங்கின. 1938ஆம் ஆண்டின் சட்டம் துறை முழுவதற்கும் பொதுவான விதிகளை வகுத்தது. அதன் 7ஆம் பிரிவின்படி ஆயுள் காப்பீடு மட்டும் நடத்தும் நிறுவனம் ரிசர்வ் வங்கியில் 2 லட்சம் ரூபாய் வைப்பாகக் கட்ட வேண்டும். 8ஆம் பிரிவு அந்த வைப்பைச் சுற்றி வேலியிட்டது. பாலிசிதாரர்களுக்கான பொறுப்புகள் எஞ்சியிருக்கும்வரை அத்தொகையை வேறு கடனுக்குப் பயன்படுத்தக் கூடாது. மாற்றிக் கொடுக்கவும் கூடாது. வேறு வழிகளில் தன் பாலிசித் தொகையைப் பெற முடியாமற்போன பாலிசிதாரரின் தீர்ப்பாணைக்கு மட்டுமே அது கட்டுப்படும்.

முகவரைப் பற்றிய 42ஆம் பிரிவிலோ வைப்பும் இல்லை, பிணையும் இல்லை. உரிமம் பெறத் தடையானவை மட்டுமே அங்கே பட்டியலிடப்பட்டன: வயது நிரம்பாமை, மனநலக் குறைவு, நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், கள்ளக் கையெழுத்து போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருத்தல். உரிமம் பெற்றவருக்கே கமிஷன் தர வேண்டும் என்று 40ஆம் பிரிவு கூறியது. ஸ்மிருதியின் சொல்லில் கூறினால், நிறுவனத்திடம் 'தானம்' கேட்ட சட்டம் முகவரிடம் 'பிரத்தியயம்' மட்டும் கேட்டது. அதற்கும் சான்று சொல்ல வேறொருவரைத் தேடவில்லை.

இதன் சமூக விளைவு எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. பிணை கேட்கும் எந்தத் தொழிலிலும் பிணை தேடிக்கொள்ள இயலாதவர் நுழைய முடியாது. நிலமும் உறவும் உள்ளவருக்குப் பிணையாள் கிடைப்பார். கைம்பெண்ணுக்கோ, வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவருக்கோ, சொத்தில்லாச் சாதியில் பிறந்தவருக்கோ அது எளிதன்று. பிணையற்ற முகவர் உரிமம் சிறுநகரத்து ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் வேலையற்ற பட்டதாரிக்கும் கதவைத் திறந்தது. ஆனால் அதே கதவின் வழியே வரக்கூடிய இழப்பை யார் தாங்குவது என்பதை அப்பிரிவு சொல்லவில்லை.

4. அரசே பிணை நின்றபோது

வைப்புத்தொகையின் போதாமை விரைவில் வெளிப்பட்டது. பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் நிதி முறைகேட்டை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். நிறுவனத்தின் தலைவராக இருந்த ராமகிருஷ்ண டால்மியா நம்பிக்கை மோசடிச் சதிக்காகத் தண்டிக்கப்பட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வழக்கில் பேசப்பட்ட தொகை 2 கோடி ரூபாய்க்கும் மேல். சட்டம் கேட்ட வைப்போ 2 லட்சம். தவறிழைப்பவர் நிறுவனத்தின் உச்சியிலேயே இருக்கும்போது, சிறு தொகையொன்றை ரிசர்வ் வங்கியில் பூட்டிவைப்பதால் பாலிசிதாரருக்குக் கிட்டும் காப்பு மிகச் சொற்பம்.

1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் ஆகிய 245 அமைப்புகளின் தொழில் அதில் ஒன்றிணைந்தது. கழகச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, கழகம் வழங்கும் பாலிசிகளின் தொகைக்கு மைய அரசு உத்தரவாதம் அளிக்கிறது என்று அறிவித்தது. இந்தியப் பிணை வரலாற்றில் இது பெரிய திருப்பம். பணத்துக்கான பிணையாளாக இப்போது நிற்பது அரசு.

ஆயினும் அந்தப் பிணை கழகத்தின் கடப்பாட்டுக்கு மட்டுமே. கழகம் கடப்பாடு இல்லை என்றால் அரசின் உத்தரவாதத்துக்கும் வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் முகவர் நின்றார்.

5. கையில் காசு தங்காமை என்னும் உத்தி

முகவரிடம் பிணை வாங்குவதைவிட, அவர் கையில் பணம் தங்காமல் பார்த்துக்கொள்வதே இந்தியச் சட்டம் தேர்ந்த வழி. 1968இல் இயற்றப்பட்டு 1969 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் இடர்ப்பொறுப்பை ஏற்கக் கூடாது என்றது. முகவர் பிரீமியத்தை வசூலித்தால், வங்கி, அஞ்சல் விடுமுறைகள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், தம் கமிஷனைக் கழித்துக்கொள்ளாமல், முழுத் தொகையையும் நிறுவனத்தில் கட்டவோ அஞ்சலில் அனுப்பவோ வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 1972ஆம் ஆண்டு முகவர் விதிகள் மேலும் ஒரு படி சென்றன: தனி அதிகாரம் தரப்பட்டாலன்றி, கழகத்தின் சார்பில் பணம் வாங்கவோ கழகத்தைக் கட்டுப்படுத்தவோ முகவருக்கு உரிமை இல்லை.

ஏட்டில் இது முறையான ஏற்பாடு. பணத்தைத் தொட உரிமை இல்லாதவரிடம் பிணை எதற்கு? ஆனால் ஊர்களில் பிரீமியத்தை வாங்கிச் சென்றவர் முகவரே. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காசோலையை வாங்கும் மனிதரைக் கழகத்தின் ஆளாகவே பாலிசிதாரர் கண்டார். முகவர் விதிகளைப் படித்தவர் எவரும் அத்திண்ணையில் இல்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலான பிளவை 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டுகிறது. தவணை தவறிய பாலிசிகளுக்கான பிரீமியத்தை 1987 ஜூன் மாதத்தில் ஒருவர் கொணர்பவர் காசோலையாக முகவரிடம் கொடுத்தார். காசோலை உடனே பணமாக்கப்பட்டது. பணமோ கழகத்தில் கட்டப்படவில்லை. ஆகஸ்டில் பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். அதற்கு மறுநாள்தான் பணம் கழகத்துக்குச் சென்றது. பணம் வாங்க முகவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அவரிடம் கொடுத்தது கழகத்திடம் கொடுத்ததாகாது. பாலிசிகள் காலாவதியானவையே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், டெல்லி மின்வாரியம் தொடர்பான வழக்கில் முடிவு மாறியது. ஊழியரின் ஊதியத்திலிருந்து பிரீமியத்தைப் பிடித்து அனுப்பும் திட்டத்தில், வேலை தருபவரைக் கழகத்தின் முகவராகவே கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஊதியப் பட்டியலில் பிடிக்கப்பட்ட பணத்துக்குக் கிடைத்த காப்பு, முகவரின் கையில் கொடுத்த பணத்துக்குக் கிடைக்கவில்லை.

1997ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சட்டப்படி குறை கூறுவது கடினம். விதி தெளிவாகவே இருந்தது. எனினும் அமெரிக்க முறையிலான பிணைப் பத்திரம் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் பத்திரத்தின் வரம்புக்குள்ளேனும் ஈடு கேட்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கும். அரசு நின்ற பிணை முகவரின் தவறுவரை எட்டவில்லை. முகவருக்கோ பிணையே இல்லை.

6. தரகரின் வருகையும் மும்மடிக் காப்பும்

1999ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் தனியாருக்கு மீண்டும் வழிவிட்டது. 2002இல் வெளியான காப்பீட்டுத் தரகர் விதிகள் புதியதொரு தொழிலாளரை உருவாக்கின. முகவர் நிறுவனத்துக்காக உழைப்பவர். தரகர் வாடிக்கையாளருக்காக உழைப்பவர். பெருந்தொகைகள் அவர் வழியே கடக்கும். எனவே நேரடித் தரகருக்கு 50 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச மூலதனம் விதிக்கப்பட்டது. தொடக்க மூலதனத்தில் 20 விழுக்காட்டை வங்கியில் நிலைவைப்பாக இட வேண்டும். ஆணையத்தின் எழுத்துமூல அனுமதியின்றி அதை எடுக்க முடியாது. தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீடும் எடுக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் விதிகள் நேரடித் தரகரின் மூலதன வரம்பை 75 லட்சமாக உயர்த்தின.

இந்த மூன்றில் எதுவும் பிணைப் பத்திரம் அன்று. மூலதனம் நிலைத்து நிற்கும் திறனைக் காட்டுகிறது. வைப்பு பொறுப்பின்மைக்கு விலை வைக்கிறது. இழப்பீட்டுக் காப்பீடு தரகரின் பிழை, கவனக்குறைவு, அவருடைய ஊழியரின் மோசடி போன்றவற்றால் எழும் கடப்பாட்டைத் தாங்குகிறது. பிணை நின்ற நிறுவனம் கொடுத்த பணத்தைத் தவறிழைத்தவரிடமே திரும்பக் கேட்கும். காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு இழப்பைத் தானே ஏற்கும். முன்னது கட்டு, பின்னது தெப்பம்.

2015ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டு மாற்றங்களை ஒருசேரக் கொண்டுவந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கான 7ஆம் பிரிவு வைப்புத்தொகை நீக்கப்பட்டது. மூலதனமும் கடன்தீர்க்கும் திறனுமே இனிப் போதும் என்னும் நிலை வந்தது. முகவர்களுக்கு ஆணையம் உரிமம் வழங்கும் முறை மாறி, காப்பீட்டு நிறுவனமே அவர்களை நியமிக்கத் தொடங்கியது. அத்துடன், முகவரின் செயல்களுக்கும் தவறுகளுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றும், அதற்காக ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் 42ஆம் பிரிவு சொல்லலாயிற்று. 1872ஆம் ஆண்டின் எடுத்துக்காட்டுகளில் மறைந்திருந்த கோட்பாடு ஏறத்தாழ 143 ஆண்டுகளுக்குப் பிறகு காப்பீட்டுச் சட்டத்தின் வெளிப்படையான சொற்களாயிற்று: அமர்த்தியவரே பிணை.

2022 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பிணைக் காப்பீடு வழங்க வழி திறந்தது. சாலையும் பாலமும் கட்டும் ஒப்பந்ததாரர்கள் வங்கி உத்தரவாதத்துக்கு மாற்றாக இந்தப் பத்திரத்தைத் தரலாம். பிறருக்காகப் பிணை நிற்கும் தொழிலை இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வாறு முறைப்படி ஏற்றுவிட்டன. அந்நிறுவனங்களின் பெயரால் வீடு வீடாகச் செல்பவருக்காகப் பாலிசிதாரரின் கையில் தரத்தக்க பிணைப் பத்திரம் மட்டும் இன்றும் இல்லை.

7. எஞ்சும் கேள்வி

முகவரிடம் பிணை கேட்காதது தவறு என்று இவ்வரலாற்றிலிருந்து எளிதில் முடிவுகட்ட முடியாது. கேட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோர் அத்தொழிலுக்கு வந்திருக்க மாட்டார்கள். காப்பீடும் சிறுநகரங்களைத் தாண்டியிராது. தவறு வேறிடத்தில் உள்ளது. ஏழை முகவருக்குச் சட்டம் காட்டிய சலுகையின் செலவை நீண்ட காலம் ஏழைப் பாலிசிதாரரே ஏற்க நேர்ந்தது. முகவரை அமர்த்தி, அவருடைய உழைப்பால் வளர்ந்த நிறுவனம் அச்செலவை ஏற்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் சட்டம் முதலில் பேசியது அரசுக்குச் செல்லும் தண்டத்தைப் பற்றி. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் செல்லும் ஈட்டைப் பற்றி அன்று.

தண்டத்தையும் ஈட்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது சட்ட மாணவர்களுக்கும் சமூக வரலாற்று ஆய்வாளர்களுக்கும் ஒருசேரப் பயன்தரும். பிணை என்பதன் முதற்பொருள் தவறிழைத்தவனைத் தண்டிப்பது அன்று. நம்பிக் கொடுத்தவனுக்குத் திரும்பக் கிடைக்கச் செய்வது. பழைய பிணையாளன் அதைத் தன் வீட்டையும் நிலத்தையும் வைத்து ஏற்றான். அவனுடைய இடத்துக்கு வந்த நிறுவனங்களை மதிப்பிடவும் அதே அளவுகோல் போதும்: பணம் தொலைந்த நாளில், தொலைத்தவரின் வீட்டுக்கு அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர் யார் என்று சட்டம் பெயர் சொல்கிறதா?